பயந்தாங்கொள்ளியை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆண்டுவிழாக் குழுவினருக்கு,

வணக்கம்.

கம்பெனி ஆண்டுவிழா, குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் விழா, கல்லூரிக் கலைவிழா, சில சமயம் யாரோ ஒருவருடைய அறுபதாம் கல்யாணம் என்று மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்க வைக்கிற எங்களைப் போன்ற ஸ்டாண்ட் அப் ஆட்களைக் கூப்பிடுகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சென்னையில் ஐம்பது அறுபது நாற்காலி போட்ட அறைகளில் டிக்கெட் விற்று நான் ஒரு மாத வாடகைகூடக் கட்டியதில்லை. உங்கள் பணத்தில்தான் இந்தத் தொழில் ஓடுகிறது. ஆகவே முதலில் நன்றி. புகார் அடுத்த பத்தியில்.

போன டிசம்பரில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு நிறுவனத்தின் ஆண்டுவிழாவுக்குப் போனேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். இருபது நிமிடம் பேச வேண்டும். ஒரு வாரம் முன்னாலேயே முழுவதையும் எழுதி அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். திரும்பி வந்தபோது திருத்திய பரீட்சைத் தாள் மாதிரி சிவந்திருந்தது. அரசியல் வேண்டாம், மதம் வேண்டாம், சாதி வேண்டாம். சரி, அவை அதில் இல்லவே இல்லை. மேனேஜர் வேண்டாம், அப்ரைசல் வேண்டாம். அதுவும் சரி, அவர்கள் வீட்டு விசேஷம். மனைவி வேண்டாம். சாம்பார் வேண்டாம், சமையல் ஒப்பந்தக்காரர் மனம் புண்படலாம். கடைசியாக ஒரு குறிப்பு: "பயம் பற்றிய பகுதிகளைத் தவிர்க்கவும். இந்த ஆண்டு எங்கள் தாரக மந்திரம் 'அச்சமில்லை'."

எனக்குத் தலை சுற்றியது. ஏனென்றால் மேடையில் நான் ஒரு பயந்தாங்கொள்ளி. ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி அண்ணனைப் பார்த்தால், அவர் கேட்காமலேயே பையைத் திறந்து காட்டுகிறவன். ஆட்டோக்காரர் பேசியதற்கு மேல் ஐம்பது கேட்டால், அவர் மனம் கோணக் கூடாதே என்று எழுபதாகக் கொடுக்கிறவன். இருபது நிமிடமும் அவனுடையதுதான். பயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு வணக்கம், ஒரு நன்றி, நடுவில் ஒரு மைக்.

ஆனாலும் ஒப்புக்கொண்டேன். முன்பணம் வாங்கியாகிவிட்டது. பயந்தாங்கொள்ளியை வீட்டில் விட்டுவிட்டு, அங்கே இங்கே கேட்ட துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு போய் நின்றேன். குடும்ப வாட்ஸாப் குழுவில் காலை ஆறு மணிக்கு மாமா அனுப்புவாரே, அந்த ரகம். சபை என்னைப் பார்க்கவில்லை, பன்னீர் டிக்கா வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் இறங்கிவிட்டேன். வாசல்வரை வழியனுப்ப வந்த குழுத் தலைவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "வீடியோவில பார்த்த மாதிரி இல்லையே சார்."

எப்படி இருக்கும்? வீடியோவில் இருந்த ஆளை அவர்தான் வர வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

துணுக்குக்கு ஆள் தேவையில்லை, யார் சொன்னாலும் அது துணுக்குதான். ஸ்டாண்ட் அப்பில் ஆள்தான் சரக்கு. அமெரிக்காவில் ஜாக் பென்னி என்று ஒரு காமெடியன் இருந்தார், 1932-ல் வானொலிக்கு வந்தவர். வானொலியில் அவர் மகா கஞ்சன், வயலினைச் சித்திரவதை செய்கிறவர், எத்தனை வருடம் போனாலும் தன் வயது 39-தான் என்று சாதிக்கிறவர். 1948-ல் ஒரு நிகழ்ச்சியில் வழிப்பறிக்காரன் ஒருவன் அவரை மடக்கி, பணமா உயிரா என்று கேட்கிறான். பென்னி வாயே திறக்கவில்லை. சபையில் சிரிப்பு கிளம்புகிறது. திருடன் அதட்டுகிறான். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று பென்னி எரிந்துவிழுகிறார். முதல் சிரிப்பு வந்த இடத்தில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. வருடக்கணக்காக அந்தக் கஞ்சனைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, அவன் மண்டைக்குள் ஓடும் கணக்கு அந்த மௌனத்தில் கேட்டுவிட்டது. உங்கள் குழுவிடம் அந்தப் பிரதி வந்திருந்தால், "கஞ்சத்தனம் தவிர்க்கவும், இந்த ஆண்டு நம் தாரக மந்திரம் 'ஈகை'" என்று திருத்தியிருப்பீர்கள். மிச்சம் ஒரு வழிப்பறி வழக்கு மட்டும் இருந்திருக்கும்.

நிஜ பென்னி கஞ்சன் இல்லை. கொலை செய்வதாகப் பேர்போன அதே வயலினை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் சிம்பொனி இசைக்குழுக்களுக்கு நிதி திரட்டிக் கொடுத்தார்.

என் ஆளும் எனக்குச் சுலபமாகக் கிடைக்கவில்லை. நம் ஊர் மேடையில் சிரிப்புக்கு என்றைக்கும் பஞ்சமில்லை, ஆனால் பெரும்பாலும் அது வேறு யாராகவோ நின்று சிரிக்க வைப்பது. தெருக்கூத்தில் கட்டியங்காரன். இசை நாடகத்தில் பபூன். விடியவிடிய நடக்கும் வள்ளி திருமணத்தில் ஆரம்பத்திலேயே வந்து, ஏடாகூடமான விஷயம் என்றால் சனத்தைப் பார்த்துச் சொல்லாமல் ஆர்மோனியக்காரர் பக்கம் திரும்பி, அவரிடம் ரகசியம் பேசுவது போலச் சொல்லிவிடுவார். (அந்தத் திரும்பலின் மேல் எனக்குப் பெரிய பொறாமை. உங்கள் விழாக்களில் எனக்கும் ஓர் ஆர்மோனியக்காரரை உட்கார வைத்தால் பாதித் தகராறு தீரும்.) பிறகு பலகுரல் கலைஞர்கள் வந்தார்கள். 2005-ல் விஜய் டிவியில் 'கலக்கப்போவது யாரு' தொடங்கியபோது எங்கள் பள்ளியில் பாதிப் பையன்கள் கண்ணாடி முன்னால் நின்று நடிகர்களின் குரலைப் பழகினோம். அங்கிருந்து சிவகார்த்திகேயன் சினிமாவுக்குப் போனார், நாங்கள் கணக்குப் பரீட்சைக்குப் போனோம். பட்டிமன்றத்தில் மட்டும்தான் ஒருவர் "எங்க வீட்ல என்ன நடந்துச்சுன்னா" என்று தன் பெயரிலேயே ஆரம்பிப்பார். அங்கேயும் ஓர் அணி, ஒரு தலைப்பு, மேலே ஒரு நடுவர் என்று ஒளிந்துகொள்ள இடம் உண்டு.

ஸ்டாண்ட் அப் மேடையில் ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர் பாட்டில். ஒளிய முடியாது. நான் அங்கேயும் ஒளிந்தேன். முதல் இரண்டு வருடம், யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசிப் பார்க்கலாம் என்கிற ஓப்பன் மைக்குகளில் நடிகர்களின் குரலில் பேசினேன், அது போதாதபோது யூடியூபில் பார்த்த காமெடியன்களின் நடையில் பேசினேன். கைதட்டல் வந்தது. யாருக்கு வந்தது என்பதுதான் சந்தேகம். பெரியவர்களுக்கே இது நடந்திருக்கிறது. அமெரிக்கக் காமெடியன் ரிச்சர்ட் ப்ரையர் 1960-களில் இன்னொரு காமெடியனான பில் காஸ்பியின் சாயலில் நல்ல பிள்ளையாக நின்று கைநிறையச் சம்பாதித்தவர். 1967-ல் லாஸ் வேகஸின் அலாதீன் ஹோட்டலில், நாம் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று நிகழ்ச்சியின் நடுவிலேயே தோன்ற, மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். தன் சொந்தக் குரலோடு திரும்பிவர அவருக்கும் சில வருடம் பிடித்தது.

நான் இறங்கிப் போகவில்லை. எனக்கு வரி மறந்துபோனது. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, அறையில் பதினோரு பேர், அதில் ஏழு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்த காமெடியன்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள், அது இந்தத் தொழிலின் மரபு. வாய் உலர்ந்து நின்றவன், "மன்னிச்சிருங்க, கீழே வாட்ச்மேன் யாரைப் பார்க்கணும்னு கேட்டாரு, அதுலேர்ந்தே படபடன்னு இருக்கு" என்று நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். அந்த ஏழு பேரில் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்புறம் அவனை வளர்த்தோம், நானும் அந்த அறைகளில் உட்கார்ந்திருந்தவர்களும். ஒவ்வொரு ராத்திரியும் போனில் பதிவு செய்து, பேருந்தில் திரும்பும்போது காதில் மாட்டிக் கேட்பேன். எந்த இடத்தில் அவனை நம்பினார்கள், எந்த இடத்தில் "இது நடிப்பு" என்று அமைதியானார்கள் என்று அதில் தெரிந்துவிடும். அவன் கோவில்பட்டிக்காரன், நானும்தான். ஆனால் அவனுடைய கோவில்பட்டியில் எல்லோரும் அவனைவிட உயரம். அவன் தோளைக் குறுக்கி நிற்பான், மைக் ஸ்டாண்டைப் பிடித்த கையை எடுக்கவே மாட்டான்.

அவனை அவமதித்தால் என்ன ஆகும் என்றும் ஒருநாள் தெரிந்துகொண்டேன். வேலூர்ப் பக்கம் ஒரு நிகழ்ச்சியில், முன்வரிசையில் போதையில் இருந்த ஒருவர் வரிக்கு வரி குறுக்கே கத்தினார். எங்கள் பாஷையில் ஹெக்லர். பத்து நிமிடம் பொறுத்துவிட்டு, நான் நானாகவே, குரலை உயர்த்தாமல், அவர் வாயை அடைக்கும்படி ஒரு பதில் கொடுத்தேன். நல்ல பதில், இன்றைக்கும் எனக்கு அதில் பெருமை. சபையும் கைதட்டியது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. செக்யூரிட்டியைக் கண்டு நடுங்குகிறவன் ஒரு முரடனை இப்படி மடக்குவானா? பொய் சொல்லியிருக்கிறான் என்று எண்பது பேரும் முடிவு செய்துவிட்டார்கள். மீதிப் பதினைந்து நிமிடம் நான் உள்ளே வாங்கிய வியர்வையை எந்த ஆண்டுவிழாவும் ஈடு செய்யாது.

"அப்போ நிஜத்தில நீங்க பயந்தவர் இல்லையா?" இது நீங்கள் சாப்பாட்டு மேசையில் கேட்கும் இரண்டாவது கேள்வி. (முதலாவது, "ஒரு ஜோக் சொல்லுங்களேன்".) இல்லை என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப் போவதாகத் தகவல் வந்தது. ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை. பகலில் நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தாளில் எழுதியிருப்பதை எடுத்துக் காட்டிச் சண்டை போடுவதற்குத்தான் சம்பளம், அதில் கொஞ்சம் கெட்டபெயரே உண்டு. ஒப்பந்தத்தைச் சுருட்டிக்கொண்டு மாடியேறினேன். கதவைத் திறந்தவர், "வாங்க தம்பி, பேரன் உங்க வீடியோ காட்டினான்" என்று சிரித்தார். அவ்வளவுதான், என் தோள் தானாகக் குறுகியது. "ஐயா, அதுல வர்ற வீட்டுக்காரர் நீங்க இல்லய்யா, அவரு கொஞ்சம் நல்லவரு" என்று வாயில் வந்துவிட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி வந்து, என்னவென்று கேட்டு, அவரும் சிரித்தார். அந்தச் சத்தம் கேட்டதும் வந்த காரியம் முடிந்துவிட்ட திருப்தி எனக்கு. கீழே இறங்கி, மனைவி "என்ன சொன்னாரு?" என்று கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. மாதம் 2,000 ரூபாய் கூடுதல். ஒப்பந்தம் சுருட்டியபடியே கையில் இருந்தது.

இதை மேடையில் சொன்னால் நன்றாகப் போகிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை மட்டும் மேடையில் சொல்வதில்லை. மேடையேறினால் அவன், இறங்கினால் நான் என்று நினைத்திருந்தேன். யாராவது சிரித்தால் போதும், எந்த மாடிப்படியும் அவனுக்கு மேடைதான். அவன் என்னிடமிருந்து வந்தவன் என்பதில் சந்தேகமில்லை. சின்ன வயதில் எல்லா வாசலிலும் தயங்கி நின்ற பையன் ஒருவன் இருந்தான், அவனைப் பெரிதாக்கி விளக்கு போட்டேன். ஆனால் அவன் மேடையில் தன் பயத்தை நூறு பேர் முன்னால் சொல்கிறான். நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எங்கள் இருவரில் யார் தைரியசாலி என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

வீட்டு மனிதர்களையும் இது விடுவதில்லை. மேடையில் முன்பு ஓர் அப்பா வருவார். பஸ் கண்டக்டர், செக்கர் ஏறினால் பதற்றத்தில் தனக்கே டிக்கெட் போட்டுக்கொள்வார். என் அப்பா கண்டக்டராகத்தான் இருந்தார், ஆனால் மேலதிகாரியை எதிர்த்துப் பேசி இரண்டு முறை சஸ்பெண்ட் ஆனவர். வீடியோவைப் பார்த்த அம்மா திட்டவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவுக அப்படி இல்லையேய்யா" என்றார். அப்பா இறந்து அப்போது நான்கு வருடம், மறுத்துப் பேச அவர் இல்லை. மறுவாரமே அந்த ஆளைப் பெரியப்பாவாக மாற்றிவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது பொருத்தந்தான்" என்றார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சிவப்புப் பேனா எங்களிடமும் இருக்கிறது. உங்களிடம் பிரதி வருவதற்கு முன்னால் அது அம்மா, மனைவி, இரண்டு நண்பர்கள், பல செவ்வாய்க்கிழமைகள் எல்லாவற்றையும் தாண்டித்தான் வருகிறது.

உங்கள் பயமும் எனக்குப் புரியாததில்லை. 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் ஸ்டாண்ட் அப் காமெடியன் முனவர் ஃபாரூக்கியைக் கைது செய்தார்கள். பிப்ரவரி 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுக்கும்வரை வெளியே வர வழியில்லை. அன்று மேடையில் அவர் என்ன சொன்னார் என்பதைவிட, அவர் எப்படிப்பட்ட ஆள் என்று முன்பே முடிவு கட்டியிருந்ததுதான் அங்கே வேலை செய்தது என்பது என் எண்ணம். 2025 மார்ச்சில் இன்னொரு காமெடியன் குணால் காம்ரா மேடையில் பேசிய சில வரிகளுக்காக மும்பையில் ஹேபிடட் அரங்கை அடித்து நொறுக்கினார்கள். பேசியவர் அப்போது அங்கே இல்லை, இடம் கொடுத்தவர்கள்தான் அனுபவித்தார்கள். (காம்ரா விழுப்புரம் மாவட்டத்தில் வசிப்பவர் என்ற முறையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்துதான் இடைக்கால முன்ஜாமீன் வாங்கினார். எங்கள் தொழிலுக்கும் விழுப்புரத்துக்கும் அப்படி ஒரு உறவு.) ஆகவே அரசியல் வேண்டாம், மதம் வேண்டாம் என்று நீங்கள் எழுதினால் நான் சண்டைக்கு வருவதில்லை. என் தொழிலில் பலர் வருவார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. என் வழக்கு அடுத்த வரியோடு. ஒரு தலைப்பைத் தொடாதே என்பது வேறு. நீ நீயாக வராதே என்பது வேறு.

தொல்காப்பியர் நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அதற்கு உரையெழுதிய பேராசிரியர் என்ற பழைய உரைகாரர் எள்ளலையே இரண்டாக்கினார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது இன்னொன்று. என் ஆள் பிழைப்பது அந்த இரண்டாவதில். உங்கள் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாரையும் எள்ளக் கூடாது, தன்னையும் எள்ளிக்கொள்ளக் கூடாது, ஊழியர்களின் மன உறுதி குலையும். மேடையில் முட்டாளோ ஏமாளியோ நிற்கக் கூடாது, நிறுவனத்தின் பெயர் என்ன ஆவது? பேதைமையும் மடனும் போயின. மிச்சம் இளமை. அதற்குக் குழந்தைகளின் மாறுவேடப் போட்டி ஏற்கெனவே நிரலில் இருக்கிறது, எனக்கு முந்தைய நிகழ்ச்சி.

இன்னொன்றும் செய்கிறீர்கள். 2019-ல் அலெக்ஸாண்டர் பாபுவின் ஸ்டாண்ட் அப் நிகழ்ச்சி அமேசான் பிரைமில் வந்ததிலிருந்து, "அவர் மாதிரி பாட்டு பாடிப் பண்ணுங்களேன்" என்று கேட்கிறீர்கள். அவர் பாடுவது, பாட்டு அந்த ஆளின் உடம்பில் ஊறியிருப்பதால். நான் பாடினால் பயம் வரும், ஆனால் உங்களுக்கு. என் தோழி ஒருத்தி இதே தொழிலில் இருக்கிறாள். மேடையில் அவள் யாரையும் ஒரு பொருட்டாக மதிக்காத ஆள், கேட்பவர்கள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவளிடம் உங்களில் ஒருவர் கேட்டது: "கல்யாணம் ஆயிடுச்சா மேடம்? அப்போ மாமியார் ஜோக்கா நாலு போடுங்க, குடும்பப் பாங்கா இருக்கும்." அவள் மாமியார்தான் குழந்தையைப் பார்த்துக்கொண்டு அவளை ஓப்பன் மைக்குகளுக்கு அனுப்பி வைக்கிறவர்.

சில்லறை விஷயங்களும் உண்டு, கோபிக்காமல் கேளுங்கள். பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசைகளைப் போடுகிறீர்கள், பாதிப் பேருடைய முதுகு மேடையைப் பார்க்கிறது. சிரிப்பு பக்கத்து ஆளிடமிருந்து தொற்றுகிற விஷயம். நாற்காலிகளை நெருக்கி, மேடைக்குப் பக்கத்தில் போட்டால் சுமாரான வரிகூடப் பிழைத்துக்கொள்ளும். முதல் வரிசையில் தலைவருக்கு சோபா போட்டு அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரிக்க வேண்டும் என்ற நிலைமையை உண்டாக்காதீர்கள், அவர் பாதி நேரம் போனில் இருக்கிறார். சாப்பாடு பிறகு. அறிவிப்பாளரிடம் "வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பார்" என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள், அதைக் கேட்டதும் எல்லோரும் வயிற்றைக் கெட்டியாக வைத்துக்கொள்கிறார்கள்.

பிரதியை முன்கூட்டிக் கேட்பதற்குப் பதில் ஒருநாள் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்து உட்காருங்கள், 200 ரூபாய் டிக்கெட் நானே எடுத்துத் தருகிறேன். பார்த்துவிட்டு இந்த ஆள் வேண்டும், அல்லது வேண்டாம் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வருத்தமில்லை.

கூப்பிடும்போதே இந்த ஆண்டின் தாரக மந்திரம் என்னவென்றும் கேட்டுச் சொல்லிவிடுங்கள். துணிவு, வீரம், அச்சமில்லை என்று ஏதாவது இருந்தால் நான் வரவில்லை, அந்தத் தோழியின் எண்ணைத் தருகிறேன். மாமியார் ஜோக் மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
(வீட்டுக்காரர் படிக்கக்கூடும் என்பதால் பெயர் போடவில்லை)